மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கலா? இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் பினாங்குத் தமிழ் வீடுகளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கலா, சிவிலா? பிள்ளை "எனக்கு ரோபோ செய்யணும்" என்று சொன்னால், பக்கத்தில் இருக்கும் மாமா "அதெல்லாம் அப்புறம், முதல்ல எந்தத் துறைன்னு சொல்லு" என்பார்.

என்னைக் கேட்டால், பிள்ளை சொல்வதில்தான் நியாயம் அதிகம். பாயான் லெப்பாஸிலும் பத்து காவானிலும் உள்ள விட்ரோக்ஸ், பென்டாமாஸ்டர் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் தயாரிக்கும் இயந்திரங்களைப் பாருங்கள். ஒரு சிப்பைப் படமெடுத்து அதில் குறை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குள் லென்ஸும் விளக்கும் இருக்கின்றன. மைக்ரான் அளவில் நகரும் மோட்டார் இருக்கிறது. அதிராமல் தாங்கும் சட்டகம் வேண்டும், படத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் மென்பொருள் வேண்டும். இதை எந்த ஒரு துறையும் தனியாகச் செய்து முடிக்க முடியாது. மருத்துவக் கருவித் தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் ஒரு பம்பைச் செய்ய பிளாஸ்டிக் வார்ப்பு, மோட்டார், சென்சார், எச்சரிக்கை மணிக்கான புரோகிராம் என நான்கு விதமான ஆட்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

ஆனால் "எல்லாம் கலந்த பட்டம்" என்று விளம்பரத்தாளில் பார்த்தவுடன் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்து, எதையும் முழுதாகக் கணக்குப் போட்டு முடிக்கத் தெரியாமல் வெளியே வருபவர்களும் இருக்கிறார்கள். நான் பரிந்துரைப்பது இதுதான்: ஒரு துறையில் ஆழம் வேண்டும், பக்கத்துத் துறைக்காரரோடு அவர் மொழியில் பேசும் அளவுக்கு அகலமும் வேண்டும். அதை எப்படித் தேடுவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எந்த வகைக் குழப்பம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

"இன்னும் முடிவு செய்யவில்லை" என்று சொல்லும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை.

சிலருக்குக் கணிதமும் இயற்பியலும் பிடிக்கும், ஆனால் எந்தக் கிளை என்று தெரியாது. இவர்களுக்கு முதலாண்டு எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் படிப்பு வேண்டும். ஓராண்டு படித்துப் பார்த்துவிட்டுக் கிளையைத் தேர்ந்தெடுக்கலாம்.

சிலருக்கு எதைச் செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரியும். டிரோன், செயற்கைக் கால், சூரிய ஒளிப் பம்பு என்று பொருளின் பெயரைச் சொல்வார்கள், துறையின் பெயர் மட்டும் தெரியாது. இவர்களுக்கு மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவும் சேர்ந்தது), பயோமெடிக்கல், உயிரமைப்புப் பொறியியல் போல ஏற்கெனவே கலந்து கட்டிய படிப்புகள் பொருந்தும். இல்லாவிட்டால் ஒரு முதன்மைத் துறையை எடுத்துக்கொண்டு, புரோஜெக்டுகளை அந்தப் பொருளை நோக்கித் திருப்பலாம்.

மூன்றாவது வகையினர் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார முடியாதவர்கள். வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டால் அப்பாவுக்கு முன்னால் இவர்கள் ஸ்க்ரூடிரைவரோடு நிற்பார்கள். இவர்களை நான்கு ஆண்டு கோட்பாட்டுப் படிப்புக்குள் தள்ளுவதற்கு முன் அடுத்த படியை இரண்டு முறை படியுங்கள்.

எந்த வகை என்று தெரியவில்லையா? தேர்வு முடிந்து ரிசல்ட் வரும்வரை கிடைக்கும் காலத்தில் ஏதாவது ஒரு பொருளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். புரோகிராம் எழுதி இயக்கும் ஆர்டுவினோ என்ற சின்ன மின்னணுப் பலகை ஒன்று, ஈரப்பத சென்சார் ஒன்று, சின்னப் பம்பு ஒன்று போதும். செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி செய்யலாம். பிள்ளை எந்த இடத்தில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். வயரிங்கிலா, புரோகிராமிலா, பம்பையும் குழாயையும் பொருத்துவதிலா, "எவ்வளவு தண்ணீர் போதும்" என்ற கணக்கிலா? துறை ஆலோசனைக் கருத்தரங்குகளில் கிடைப்பதைவிட இதில் கிடைக்கும் பதில் நம்பகமானது. கொம்தாரில் உள்ள அறிவியல் காட்சிக்கூடமான டெக் டோமுக்கு ஒருநாள் அழைத்துப் போனாலும் ஓரளவு பிடிபடும்.

படி 2: பட்டத்தின் முழுப் பெயரையும் அங்கீகாரத்தையும் பாருங்கள்

பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மனு செய்யும் யூ.பி.யு. பட்டியலில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வரும். ஒன்று சர்ஜானா மூடா கெஜுருத்தெராஆன், அதாவது பொறியியல் இளங்கலை. மற்றொன்று சர்ஜானா மூடா தெக்னோலொஜி கெஜுருத்தெராஆன், பொறியியல் தொழில்நுட்ப இளங்கலை. நடுவில் ஒரே ஒரு சொல்தான் கூடுதல், ஆனால் போகும் பாதை வேறு.

முதல் வகைப் பட்டத்தை அங்கீகரிப்பது மலேசியப் பொறியாளர் வாரியத்தின் கீழ் இயங்கும் பொறியியல் அங்கீகார மன்றம், சுருக்கமாக இ.ஏ.சி. அந்த அங்கீகாரம் பெற்ற பட்டத்தை முடித்தவர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதியலாம். பிறகு வேலை அனுபவம் சேர்த்து, தொழில்முறைத் தேர்வையும் கடந்தால் பெயருக்கு முன்னால் 'ஐ.ஆர்.' போட்டுக்கொள்ளலாம். வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009-ல் முழு உறுப்பு நாடானது. அதனால் ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜப்பான் போன்ற உறுப்பு நாடுகளிலும் இந்தப் பட்டத்தைப் பொறியியல் பட்டமாகவே மதிப்பார்கள்.

இரண்டாவது வகை, பெரும்பாலும் மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியத்தின் பக்கம் போகும். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த வாரியம் அது. அங்கே பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளக் கிடைப்பது 'டி.எஸ்.'. இங்கிருந்து 'ஐ.ஆர்.' ஆக நேர்வழி இல்லை.

இதில் ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று நம் ஆட்கள் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. பட்டறையில் கைபழக ஆசைப்படும் பிள்ளைக்கு இரண்டாவது பாதையில் பயிற்சி நேரம் அதிகம். தொழிற்சாலைகளில் வேலைக்கும் பஞ்சமில்லை. யூ.டெ.எம்., யூ.டி.எச்.எம்., யூனிமேப், பகாங்கில் உள்ள யூ.எம்.பி.எஸ்.ஏ. ஆகிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் நான்கும் இந்தக் கைப்பழக்கத்தை முன்னிறுத்தி வளர்ந்தவைதான். ஆனால் கட்டட வரைபடத்தில் கையெழுத்திட்டு அனுமதிக்குச் சமர்ப்பிக்கும் வேலை மீது ஆசை இருந்தால், இ.ஏ.சி. இல்லாத பட்டத்தை எடுத்துவிட்டு நான்காம் ஆண்டில் வருத்தப்படக் கூடாது.

இன்னொன்று: அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கொடுப்பார்கள். "எங்கள் மெக்கானிக்கலுக்கு அங்கீகாரம் உண்டு" என்று முகப்பில் சொன்னால், பக்கத்தில் புதிதாகத் தொடங்கிய ரோபோடிக்ஸுக்கும் அது உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். வாரியத்தின் இணையப் பட்டியலில் படிப்பின் பெயரை எழுத்துப் பிசகாமல் தேடுங்கள். புதிய படிப்பாக இருந்தால், முதல் அணி பட்டம் பெறும் கட்டத்தில்தான் முழு அங்கீகாரம் வரும். அதுவரை காத்திருக்கும் துணிச்சல் உங்களுக்கு இருக்கிறதா என்பதை வீட்டில் பேசி முடிவெடுங்கள். மலேசியத் தகுதிநிலை நிறுவனமான எம்.க்யூ.ஏ.வின் பதிவேட்டையும் கூடவே பாருங்கள், அது எல்லாப் படிப்புக்கும் பொதுவான அடிப்படை.

படி 3: பாடத்திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள்

விளம்பரத்தாளில் "நெகிழ்வு", "கைவழிக் கல்வி" என்ற சொற்கள் எல்லாருக்கும் இலவசம். பாடத்திட்ட அட்டவணையில்தான் உண்மை இருக்கும்.

இ.ஏ.சி. அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்குக் குறைந்தது 135 கிரெடிட் வேண்டும். அதில் 90 பொறியியல் பாடங்களுக்கே போய்விடும். மீதியில் கணிதமும், எல்லாரும் எடுத்தாக வேண்டிய பொதுப் பாடங்களும் உட்கார்ந்துகொள்ளும். ஆக, அமெரிக்கப் படங்களில் பார்ப்பதுபோல் காலையில் தெர்மோடைனமிக்ஸ், மாலையில் இசை என்று விருப்பம்போல் எடுக்கும் வாய்ப்பு இங்கே குறைவு. இருக்கும் நெகிழ்வு ஐந்து இடங்களில் ஒளிந்திருக்கிறது.

முதலாவது இடம் முதலாண்டு. அது பொதுவா, இல்லை முதல் நாளே துறை பூட்டப்பட்டுவிட்டதா? பொதுவாக இருந்தால், துறையை எப்போது தேர்ந்தெடுக்கலாம், மதிப்பெண் வரம்பு உண்டா, கேட்ட துறை எல்லாருக்கும் கிடைக்குமா?

இரண்டாவது, மூன்றாம் நான்காம் ஆண்டுகளின் விருப்பப் பாடங்கள். பட்டியலில் 20 பாடங்கள் இருக்கும். அந்த ஆண்டு உண்மையில் எத்தனை நடக்கின்றன என்பதுதான் கேள்வி. ஆள் சேராததால் நடக்காத பாடங்களும் பட்டியலில் அழகாக நிற்கும். வேறு துறையின் பாடத்தை எடுக்க அனுமதி உண்டா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, ஒருங்கிணைந்த வடிவமைப்புத் திட்டம். மாணவர்கள் ஐ.டி.பி. என்பார்கள். குழுவாகச் சேர்ந்து ஒரு பெரிய சிக்கலுக்கு முழுத் தீர்வு வடிவமைக்க வேண்டும். இங்கேதான் பல்துறை என்ற பேச்சு மெய்யா பொய்யா என்று வெளுத்துவிடும். ஐந்து பேரும் ஒரே துறையா, அல்லது மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கெமிக்கல் பிள்ளைகளைக் கலந்து போடுகிறார்களா? கலந்து போடுவது விரிவுரையாளர்களுக்குத் தலைவலி. நேர அட்டவணை ஒத்துவராது, மதிப்பெண் யார் போடுவது என்ற சிக்கல் வரும். அந்தத் தலைவலியை ஏற்றுக்கொண்டு நடத்தும் இடத்தை நான் மதிப்பேன்.

நான்காவது, இறுதியாண்டுத் தனித் திட்டமான எஃப்.ஒய்.பி. வேறு துறை விரிவுரையாளரை இணை வழிகாட்டியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

ஐந்தாவது, தொழிற்பயிற்சி. இ.ஏ.சி. கேட்பது குறைந்தது 8 வாரம். எட்டு வாரத்தில் பாதுகாப்பு வகுப்பு முடிந்து, காபி இயந்திரம் எங்கே என்று தெரிந்துகொள்வதற்குள் கிளம்பும் நாள் வந்துவிடும். பல மாதம் அனுப்பும் இடங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். பேராக் ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் நீண்ட பயிற்சிக்குப் பெயர் பெற்றது.

ஆய்வுக்கூடப் பாடங்களையும் விட்டுவிடாதீர்கள். தாளில் உள்ளபடி செய்து, எல்லாரும் ஒரே வரைபடம் வரைந்து, மூத்த மாணவரின் அறிக்கையைத் தழுவி எழுதும் பயிற்சி ஒரு வகை. கேள்வியை மட்டும் கொடுத்து, "எப்படி அளப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று விட்டுவிடும் பயிற்சி இன்னொரு வகை. இரண்டையும் கைவழிக் கல்வி என்றே அழைப்பார்கள். இரண்டாவது வகை எந்தெந்த செமஸ்டரில் வருகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: இங்கே என்னென்ன இருக்கிறது

பினாங்கிலிருந்தே தொடங்குவோம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யூ.எஸ்.எம். என்றதும் பலர் கெலுகோர் மிண்டன் வளாகத்தை நினைக்கிறார்கள். பொறியியல் அங்கே இல்லை. நிபோங் திபாலில் இருக்கிறது. பேராக் துரோனோவிலிருந்து 2001-ல் இங்கே வந்தது. விண்வெளி, சிவில், மின்-மின்னணு, மெக்கானிக்கல், கெமிக்கல், மூலப்பொருள்-கனிம வளம் என ஆறு பள்ளிகள் ஒரே வளாகத்துக்குள். மெக்கட்ரானிக்ஸ், மின்-மின்னணுப் பள்ளியின் கீழ் வருகிறது. பொறியியல் பிள்ளைகள் மட்டுமே சேர்ந்து வாழும் வளாகம் என்பதால் துறை தாண்டி நட்பும் குழுக்களும் அமைவது எளிது. கலைத்துறை, மருத்துவத்துறை மாணவர்களைப் பார்க்க முடியாது என்பது அதன் மறுபக்கம்.

கோலாலம்பூர்ப் பக்கம் தேர்வு அதிகம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் தனித் துறையாகவே இருக்கிறது. கோம்பாக்கில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் மெக்கட்ரானிக்ஸ் நடத்துகிறது. செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகமான யூ.பி.எம்.மில் வேளாண்மையும் பொறியியலும் சேர்ந்த படிப்பு உண்டு. தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி கதை கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் இதைக் கண்டுகொள்ளாமல் போவது எனக்கு ஆச்சரியம்தான். செம்பனை அறுவடையை இயந்திரமாக்குவது இன்னும் முழுதாகத் தீராத சிக்கல்.

மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூ.டி.எம்.மின் கோலாலம்பூர் வளாகத்தில் 2011-ல் திறந்த மலேசிய-ஜப்பான் அனைத்துலகத் தொழில்நுட்பக் கழகத்தை, எம்.ஜே.ஐ.ஐ.டி.யை, தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானியப் பல்கலைக்கழகங்களின் வழக்கப்படி, மாணவர் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடக் குடும்பத்தில் சேர்ந்து, மூத்தவர்களோடு உட்கார்ந்து வேலை பழகுகிறார். கையோடு கற்க விரும்பும் பிள்ளைக்கு நல்ல இடம்.

தனியாரில், பண்டார் சன்வேயில் உள்ள மோனாஷ் மலேசியாவில் முதலாண்டு பொது, கிளை அப்புறம். மீரியில் உள்ள கர்டின் பல்கலைக்கழகமும் இதே வழிதான். டெய்லர்ஸ் பல்கலைக்கழகம் புரோஜெக்ட் வழிக் கல்வியை முன்வைத்துப் பாடம் அமைக்கிறது. அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டம் இருக்கும் கல்லூரிகளில் முதல் இரண்டு ஆண்டை இங்கே முடித்து, கிளையை முடிவு செய்துவிட்டு அமெரிக்கா போகலாம். நெகிழ்வு என்று பார்த்தால் எல்லாவற்றிலும் அதிகம் இதில்தான், செலவிலும் அப்படியே. கெடாவில் ம.இ.கா.வின் கல்வி அறவாரியம் உருவாக்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் உண்டு. வடக்குப் பகுதிப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் பக்கம்.

டிப்ளோமா வழியைக் கீழாக நினைக்காதீர்கள். பெர்மாத்தாங் பாவ்வில் செபராங் பிறை பாலிடெக்னிக் இருக்கிறது. பட்டறையில் சில ஆண்டுகள் பழகிவிட்டுப் பட்டத்துக்குப் போகிறவர், மற்றவர்கள் படமாகப் பார்க்கும் இயந்திரத்தை ஏற்கெனவே பிரித்துப் பூட்டியிருப்பார்.

படி 5: வெளிநாட்டு மாதிரிகளை அளவுகோலாக வையுங்கள்

போகாவிட்டாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கேம்பிரிட்ஜில் முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாப் பொறியியல் மாணவர்களுக்கும் ஒரே படிப்பு. கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி துறைப் பெயர் இல்லாமல் 'பொறியியல்' என்றே பட்டம் கொடுக்கிறது. நிறுவனங்கள் கொண்டுவரும் உண்மைச் சிக்கலை மாணவர் குழு தீர்க்கும் முறையை அங்கே 1963 முதல் நடத்துகிறார்கள். டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974-ல் தொடங்கிய நாளிலிருந்தே புரோஜெக்ட் வழிதான். பக்கத்தில் சிங்கப்பூரில், 2012-ல் முதல் மாணவர்களைச் சேர்த்த தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகமான எஸ்.யூ.டி.டி.யில் முதலாண்டு பொது, பிறகுதான் பிரிவு. அங்கே அரசின் கட்டண மானியம் எடுத்தால், படிப்பு முடிந்து மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்யும் ஒப்பந்தம் உண்டு. கையெழுத்துக்கு முன் பெற்றோரும் அதைப் படிக்க வேண்டும்.

படி 6: நேரில் போங்கள், பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள்

திறந்த நாளில் முன்வாசலில் நிற்கும் ரேஸ் காரைப் பார்த்து மயங்க வேண்டாம். அதை எத்தனை பேர் செய்தார்கள், இரண்டாம் ஆண்டு மாணவர் அதில் சேர முடியுமா என்று கேளுங்கள். பத்துப் பேர் கொண்ட குழுவின் கார் 300 பேர் கொண்ட வகுப்பின் கைப்பழக்கத்தைக் காட்டாது. ரோபோகான், ஷெல் ஈகோ-மாரத்தான் போட்டிக் குழுக்களுக்கும் இதே கேள்வி.

பட்டறையில் மூன்றைக் கவனியுங்கள். இயந்திரத்தின் மேல் தூசியா, எண்ணெய்க் கறையா? கறை நல்லது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தை மாணவர் தானே முன்பதிவு செய்யலாமா, இல்லை டெக்னீஷியனிடம் மனு எழுதிக் கொடுத்து ஒரு வாரம் காத்திருக்க வேண்டுமா? மாலை ஐந்து மணிக்குப் பிறகு திறந்திருக்குமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் வைத்தே பாதி முடிவெடுக்கலாம்.

விரிவுரையாளரைவிட மூன்றாம் ஆண்டு மாணவரிடம் பேசுங்கள். "தம்பி, போன செமஸ்டரில் நீங்கள் கையால் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். நம் தமிழ் மாணவர்கள் எல்லா வளாகத்திலும் இருக்கிறார்கள். இந்தியர் கலாசார மன்றத்தைத் தேடிப் பிடித்தால் சுற்றி வளைக்காமல் பதில் சொல்வார்கள். நான் பயிற்சி மாணவர்களை நேர்காணும்போது கேட்பது வேறு: நீ செய்த எது வேலை செய்யாமல் போனது, ஏன்? நல்ல இடத்தில் படித்த பிள்ளை இதற்குக் கால் மணி நேரம் பேசும். தாளைப் பார்த்துச் செய்த பிள்ளை அமைதியாகிவிடும்.

படி 7: நுழைவு வழியும் யூ.பி.யு. வரிசையும்

எஸ்.பி.எம்.மில் கூடுதல் கணிதமும் இயற்பியலும் இல்லாமல் பொறியியல் பேச்சே சிரமம். அதற்குப் பிறகு எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவம்), மெட்ரிகுலேஷன், அடித்தளப் படிப்பு, டிப்ளோமா என்று வழிகள் பிரியும். நெகிழ்வு வேண்டும் என்றால் என் வாக்கு எஸ்.டி.பி.எம்.முக்குத்தான். கடினம்தான், ஆனால் அரசுப் பல்கலைக்கழகம், தனியார், வெளிநாடு எல்லாம் திறந்திருக்கும், செலவும் மிகக் குறைவு. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சொந்த அடித்தளப் படிப்பில் சேர்ந்தால், ஓராண்டில் முடியும், ஆனால் பெரும்பாலும் அதே வாசலில்தான் உள்ளே போக வேண்டியிருக்கும்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான தகுதிப்புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாடம். அந்தப் பத்தில் நம் பிள்ளைகள் பலர் புள்ளியை விட்டுவிடுகிறார்கள். விருப்பப் பட்டியலை நிரப்பும்போது புகழ் வரிசையில் போடாதீர்கள். மூன்றாம் படியில் எழுதி வைத்த குறிப்பை எடுத்து, அந்த வரிசையில் போடுங்கள். மெக்கட்ரானிக்ஸ் முதல் விருப்பம் என்றால் இரண்டாவது மருந்தாளுமை என்று போடுவது குழப்பம். மின்னணு அல்லது மெக்கானிக்கல் போடுங்கள், அங்கிருந்தும் போக நினைத்த இடத்துக்குப் போகலாம். நேர்முகம் வைக்கும் படிப்புகளுக்கு அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கருவியின் படங்களைக் கொண்டு போகலாம்.

படி 8: பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என்.னுக்கு மனு செய்ய எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும், அதை இன்றே திறந்துவிடுங்கள். தனியாரில் அந்தக் கடன் கட்டணம் முழுவதற்கும் போதாது. மீதிக்கு வழி என்ன என்பதை முதல் செமஸ்டருக்கு முன்பே எழுதிப் பாருங்கள். உபகாரச் சம்பளத்தோடு வரும் ஒப்பந்தம் துறை மாற்றத்தைத் தடுக்குமா என்று கேளுங்கள். பலருக்குத் துறையைப் பூட்டுவது பல்கலைக்கழகமல்ல, பணம் கொடுப்பவர்தான். கைவழிப் படிப்பில் சென்சார், மோட்டார், பலகை என்று சொந்தக் காசு போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

படி 9: உள்ளே போன பிறகு துறை பிடிக்கவில்லை என்றால்

முதல் செமஸ்டர் முடிவதற்குள் கல்வி ஆலோசகரிடம் பேசுங்கள். முதலாண்டுக் கணிதமும் இயற்பியலும் துறைகளுக்கிடையே பெரும்பாலும் ஒத்துப்போகும். மூன்றாம் ஆண்டில் மாறினால் இழப்பு பெரிது. மாற்றம் கிடைப்பது இருக்கையையும் சராசரிப் புள்ளியையும் பொறுத்தது, ஆகவே பிடிக்காத பாடம் என்றாலும் புள்ளியை விட்டுவிடாமல் இருங்கள். மாற வழி இல்லை என்றால் விருப்பப் பாடத்தையும் எஃப்.ஒய்.பி.யையும் பயிற்சி இடத்தையும் நீங்கள் போக நினைத்த பக்கம் திருப்புங்கள். வேலைக்கு எடுப்பவர்கள் பட்டத்தின் பெயரைப் பார்த்த பிறகு இந்த மூன்றைத்தான் பார்க்கிறார்கள். வேறு பல்கலைக்கழகத்துக்கே மாறுவதாக இருந்தால், எடுத்த ஒவ்வொரு பாடத்தின் முழுப் பாடவிவரத் தாளையும் அந்தந்த செமஸ்டரிலேயே பதிவிறக்கி வைத்திருங்கள். கிரெடிட் மாற்றம் கேட்கும்போது புதிய இடத்தில் மதிப்பெண் பட்டியலோடு அதையும் கேட்பார்கள்.